தீங்குக்கு ஓர் உதாரணம்

எங்கள் முதியோர் இல்லத்தின் வரவுசெலவில் மார்லிஸ் டீக் என்பவளுக்கும் பிங்கோ விளையாட்டுக்கும் ஒரே தலைப்பு. பொழுதுபோக்கு. அவள் பல்கலைக்கழகத்தில் இசை சிகிச்சை படித்து, மருத்துவமனையில் பயிற்சி பெற்று, தேசியத் தேர்வும் எழுதியவள். பக்கவாதத்தில் பேச்சுப் போனவரை ஒரு மெட்டில் பாட வைத்தே தண்ணீர் கேட்க வைப்பாள். நடை தடுமாறுகிறவருக்கு கிதாரில் அடி எடுத்துக் கொடுப்பாள். பார்க்க வரும் உறவினர்கள், "ஓ, பாட்டுக்காரி நீங்கதானா?" என்பார்கள்.

"இந்த மாநிலத்துல நகத்துக்குச் சாயம் பூசறவளுக்கு லைசென்ஸ் இருக்கு ரோண்டா. எனக்கு இல்ல," என்பாள் என்னிடம். நான் அங்கே செவிலி உதவியாள். படுக்கை மாற்றுவதற்குக்கூட எனக்குச் சான்றிதழ் உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

லைசென்ஸ் இல்லாவிட்டால் காப்பீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பள்ளிகளில் வேலை கிடைக்காது. மாநிலத்தில் இருந்த இசை சிகிச்சையாளர்கள் சேர்ந்து மசோதா ஒன்று எழுதினார்கள். அது இரண்டு தடவை குழு அறையிலேயே செத்தது. இரண்டு தடவையும் ஒரே கேள்வி. பயிற்சி இல்லாதவர் இந்த வேலையைச் செய்து யாருக்காவது தீங்கு நேர்ந்திருக்கிறதா? அப்படி ஒன்றைக் காட்டாமல் எந்தத் தொழிலுக்கும் சட்டம் இல்லை என்பது அங்கே வழக்கம். இவர்களிடம் குணமானவர்களின் கதைதான் இருந்தது.

ஆர்லன் வோய்ட் பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமைகளில் சாப்பாட்டு அறைக்கு வந்து அக்கார்டியன் பெட்டி வாசிப்பார். காசு வாங்க மாட்டார், ஆப்பிள் பை பலகாரம் கொடுத்தால் இரண்டு துண்டு சாப்பிடுவார்.

பிப்ரவரியில் ஒரு வியாழன். மார்லிஸ் தலைநகருக்குப் போய்ச் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. குளிருக்காக வாசலில் காரை ஓடவிட்டே உள்ளே வந்தாள்.

"ஆர்லன், இன்னிக்கு என் குழுவ நீங்க பாத்துக்கறீங்களா?"

"நானா? எப்ப என்னை டாக்டர் ஆக்கின?"

"சும்மா வாசிச்சாப் போதும்."

"வாசிக்கக் கூடாதது எதாவது இருக்கா? சர்ச்சுப் பாட்டு பிடிக்காத ஆளு, அந்த மாதிரி?"

"உங்களுக்குத் தெரியாததா," என்றாள். போய்விட்டாள். நான் மருந்துத் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

அந்தக் குழுவில் வெர்னா இருந்தாள். மகன் கல்யாணத்தில் அவனோடு ஆடிய வால்ட்ஸ் மெட்டு ஒன்று உண்டு. அதே வருட அறுவடையில் அவன் இயந்திரத்தில் சிக்கிப் போனான். நினைவு கரைந்ததில் அவன் செத்ததும் கரைந்திருந்தது. அந்த வால்ட்ஸைக் கேட்டால் மட்டும் சாவு அன்றைக்குத்தான் நடந்ததாகிவிடும். முதல் நாளே குடும்பத்தாரிடம் விசாரித்து மார்லிஸ் இதைத் தெரிந்து வைத்திருந்தாள். எந்தப் பாட்டு கூடாது என்று கேட்பதில்தான் அவர்கள் தொழில் ஆரம்பிக்கிறது.

ஆர்லன் அதை வாசித்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வால்ட்ஸ்தான். வெர்னா கத்திய கத்தலை நான் எழுதப் போவதில்லை. சனிக்கிழமை வரை அவள் வாய் திறந்து சாப்பிடவில்லை.

"நான் என்னம்மா பண்ணிட்டேன்?" என்று ஆர்லன் என்னைக் கேட்டார். மார்லிஸ் திரும்பி வந்து அவர் தோளைத் தொட்டு, "உங்க தப்பு இல்ல," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்கும் அப்போது வெர்னாவின் கதை தெரியாது.

மார்ச்சில் மசோதா மீது குழு விசாரணை. சாலையெல்லாம் பனிக்கட்டி. இல்லத்து வேனை ஓட்ட ஆர்லனைத் தவிர யாருக்கும் தைரியம் இல்லை. மசோதாவுக்கு ஆதரவென்று ஊதா ரிப்பன் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். மரியாதையாகத்தான் கேட்டார். "போன தடவ கேட்டதுதாம்மா. தீங்குக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. ஒண்ணு போதும்."

மார்லிஸ் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். பயிற்சி இல்லாத ஒரு தன்னார்வலர். விசாரிக்காமல் வாசித்த ஒரு வால்ட்ஸ். ஒரு தாய். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவரை அங்கே உட்கார வைத்தது யார், அவர் விசாரித்தபோது பதில் சொல்லாதது யார் என்பது மட்டும் இல்லை. குழுவில் ஒருவரைத் தவிர எல்லோரும் மசோதாவுக்குக் கை தூக்கினார்கள்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் ஆர்லன் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். மார்லிஸ் முன் இருக்கையில் அவர் பக்கத்தில் ஏறினாள். நான் பின்னால்.

"அந்தப் பாட்டப் பத்தி உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவளைக் கேட்டார்.

"தெரியும்."

"நான் கேட்டேனே அன்னிக்கு."

"அவசரத்துல ஆர்லன்..."

"அவசரம் அன்னிக்கு. அப்புறமும் வாராவாரம் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்." வைப்பரை வேகமாக்கினார். "நல்லாத்தான் பேசின. கேக்கக் கேக்க எனக்கே அந்த ஆள் மேல கோவம் வந்துது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள்.

ஏப்ரலில் மேலவையிலும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் நாள் மார்லிஸ் துணி மடிக்கும் அறைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"நாளைக்கு முழுசாச் சொல்லப் போறேன்."

"சொல்லு."

"சொன்னா, படிச்சவளே இப்படிப் பண்ணிருக்கா, அப்புறம் லைசென்ஸ் எதுக்குன்னு கேப்பாங்க. மறுபடியும் செத்துரும். என் ஒருத்தியோட மசோதாவா அது?"

"அப்பச் சொல்லாத."

"ஏதாவது ஒண்ணு சொல்லேன் ரோண்டா!"

நான் துண்டுகளை மடித்தேன்.

போய் வந்து, "அதையேதான் சொன்னேன்," என்றாள். "ரெண்டாவது தடவ சுலபமா வந்துது. தண்ணிகூடக் குடிக்கல."

சட்டம் வந்தது. நல்ல சட்டம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்தது, பேசாத குழந்தைகள் சிலர் அவளிடம் போகிறார்கள். இல்லத்து வரவுசெலவில் மார்லிஸ் பிங்கோ பக்கத்திலிருந்து சிகிச்சைகள் பக்கத்துக்கு ஏறினாள். தன்னார்வலர்களுக்குத் தடை இல்லை என்ற வரி சட்டத்தில் இருக்கிறது. அதை எழுதியவளே அவள்தான். ஆர்லனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"உங்கள யாரும் தடுக்க முடியாது. பாருங்க."

"யாரும் தடுக்கலயே," என்றார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

வியாழன்தோறும் வருகிறார், வெறுங்கையோடு. மார்லிஸின் வட்டத்தில் வெர்னாவுக்குப் பக்கத்து நாற்காலி. பை கொடுத்தால் ஒரு துண்டு.

போன வாரம் எல்லோரையும் தாளத்துக்குக் கைதட்டச் சொன்னாள். ஆர்லன் இரண்டு கைகளையும் தூக்கி நிறுத்திக்கொண்டு, "இதுக்கு லைசென்ஸ் வேணுமாம்மா?" என்றார். கிழவர்கள் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். அவர் கைகளை முழங்காலில் போட்டுக்கொண்டார்.

எதுவும் நினைவில்லாத வெர்னா அவருடைய ஒரு கையை எடுத்துத் தன் கையில் வைத்துத் தட்டினாள். தட்டிக்கொண்டே, "அந்தப் பெட்டி வாசிக்கிற ஆளு ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று மார்லிஸைக் கேட்டாள்.

மார்லிஸ் குனிந்து, ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த கிதாரை மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.