கற்றுக்கொண்டவர் போய்விடுவார்

லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டிலிருந்து இணையத்தில் கிட்டார் கற்றுக்கொடுத்து, மாணவர்கள் கட்டும் மாதச் சந்தாவில் வாழ்ந்தவர் அவர். அந்தப் பாடங்களைப் படம்பிடித்து எடிட் செய்து கொடுப்பது என் வேலை. ஒல்லியான உடம்பு, நரைத்த முடியைப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார். நான் எப்போது போனாலும் போனில் சந்தாவை நிறுத்தியவர் யார் என்றுதான் தேடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பிரான்சிலிருந்து ஓர் அம்மா வீடியோ அனுப்பியிருந்தார். இந்த ஊரிலிருந்து போய்க் குடியேறியவர். வெகுநாளாகத் தப்புத் தப்பாக வாசித்துவந்தவர், அன்று ஒரு மாதா பாட்டைப் பிசகில்லாமல் வாசித்தார். முடித்ததும் சிரித்தார்.

"மெர்சி சார். இனிமே நானே வாசிச்சுக்குவேன். இந்த மாசத்தோட நிறுத்திக்கறேன்."

வாத்தியார் அந்த வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நல்லா வாசிக்கறாங்கல்ல சார்?" என்றேன்.

"நல்லா வந்துடுச்சு, அதான் போறாங்க. கத்துக்காதவங்கதாம்ப்பா எனக்குச் சோறு போடறாங்க. இனிமே ஒரு பாடத்த மூணா வெட்டிப் போடு."

பிறகு கிட்டாரை எடுத்து அதே பாட்டை வாசித்தார். எல்லோரும் திணறும் இடத்தை, விரலை லேசாகச் சாய்த்துச் சுலபமாகக் கடந்தார். கிட்டார் தெரியாத எனக்கே அது புரிந்தது. அவசரமாகக் கேமராவைத் திருப்பினேன்.

"நிறுத்துப்பா. இதப் பாத்தா எல்லாருக்கும் வந்துடும்."

நிறுத்திவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை வாசித்தார். அவரை நல்ல வாத்தியார் என்று சொல்வதா, வேண்டாமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.