சாயாத வண்டிக்கு ஒரு ஜோடி டயர்

என் மோட்டார் சைக்கிள் பந்தய வண்டி வடிவத்தில் செய்யப்பட்டது. ஓட்டுபவர் பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் உட்காருபவருக்குப் பாடப்புத்தக அகலத்தில் ஓர் இருக்கை உண்டு. விற்றவர் அதன் உச்ச வேகத்தைச் சொன்னபோது நான் மரியாதையோடு தலையாட்டினேன். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் போகும் சாலையில் என் வேகத்தை முன்னால் போகும் கண்டெய்னர் லாரிதான் முடிவு செய்கிறது. அதன் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்து, மனத்துக்குள் பிழை திருத்தி, மறுபடி படிக்க அவகாசம் கிடைக்கும். பத்திரிகை வேலையில் வந்த பழக்கம்.

அப்படி ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மழைநாளில், துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்தில், பின்சக்கரம் ஒரு பக்கமாக விலகித் திரும்பி வந்தது. நாங்கள் விழவில்லை. பின்னால் இருந்த என் மனைவி தன் அலுவலக வாசல் வரை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். இறங்கி, புடவையைச் சரி செய்துகொண்டு, தீர்ப்பு சொன்னாள்.

"டயரு மாத்துய்யா. மாத்துனப்புறம் இன்னொரு வாட்டி இது வாலாட்டுச்சுன்னு வையி, வித்துட்டு ஸ்கூட்டர் வாங்கிடணும். அப்பால பேச்சே கெடையாது."

ஸ்கூட்டர் மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஆனால் இந்த வண்டியை நாற்பது வயதுக்கு மேல், எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன பிறகு வாங்கியிருந்தேன். அதை விற்றால் அவர்கள் ஒவ்வொருவரும் வீடு தேடி வந்து காப்பி குடிப்பார்கள்.

வீட்டில் என் கட்சியில் இருந்த ஒரே ஆள் மாமனார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டி ஓய்ந்து, இப்போது எங்களோடு இருக்கிறார். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் தினமும் அதைத் துடைப்பவர் அவர்தான். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது; இரும்பைப் பார்த்தால் தெரியும். கேட், ஜன்னல் கம்பி, மோட்டார் குழாய் எல்லாவற்றையும் உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு எதிராக அவர் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஒரு டப்பாவில் வைத்திருந்தார். காலையில் துணியை அதில் நனைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். பால்காரர் எங்கள் வீட்டுக் கேட்டை எப்போதும் முழங்கையால்தான் தள்ளுவார்.

டயர் தேர்ந்தெடுக்க இணையத்தில் நிறையப் படித்தேன். மென்மையான ரப்பர் சாலையை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நீண்டநாள் உழைக்கும், ஆனால் மழையில் கைவிடும். எழுதியிருந்தவர்கள் எல்லோரும் மலைப்பாதை வளைவுகளைப் பற்றியே பேசினார்கள். எண்ணூர்ச் சாலையில் படிந்திருக்கும் நிலக்கரித் தூளைப் பற்றியோ, சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து வரும் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகும் இரும்புச் சுருளைப் பற்றியோ யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் உடன் வந்தாள். தீர்ப்பு சொன்னவள் சாட்சியாகவும் இருக்க விரும்பினாள். டயர் கடை வைத்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரிடம் ரப்பர் கலவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் குனிந்து பழைய பின்டயரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நடுவுல சப்பாத்திப் பலக மாதிரி தட்டையா கீது. ஓரத்துல மட்டும் இன்னா இது, மீச மீசையா?"

"அது புது டயர்ல இருக்க ரப்பர் முடிம்மா. வண்டிய வளைவுல சாச்சி ஓட்டுனா தேஞ்சி போயிரும்."

"அப்போ இவரு ஒரு தபா கூட சாச்சதில்ல?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வியாபாரி என்பதால் என் பக்கம் சாய்ந்தார். "நம்ம ரோட்டுல எங்கம்மா சாய்க்க? சாச்சா ட்ரெயிலருக்கு அடியிலதான் போயி நிக்கணும்."

அவள் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்த்தோம். கடைசியில் மழைத் தண்ணீரை வெளியே தள்ள ஆழமான கோடுகள் வெட்டிய, நடுத்தர மென்மையுள்ள ஒரு ஜோடியை எடுத்தோம். எடுத்தோம் என்பது சம்பிரதாயமான சொல். "மழையில வழுக்காதது எது? அதக் குடுங்க" என்று அவள் கேட்டாள், அவர் கொடுத்தார். எலுமிச்சம்பழம் வைத்து, முன்சக்கரத்தை ஏற்றி நசுக்கி, வீடு வந்தோம்.

மாமனார் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பழைய டயர்களைத் தனக்கென எடுத்துக்கொண்டார். படகின் பக்கவாட்டில் கட்டிவிட்டால் படகுகள் ஒன்றோடொன்று இடித்தாலும் பலகை தாங்கும் என்று காசிமேட்டில் யாரோ கேட்டிருந்தார்களாம். "புச்சு ரப்பரு சோக்கா கீது மாப்ள," என்றார். அந்தப் பாராட்டில் எனக்கு எந்த ஆபத்தும் தெரியவில்லை.

மறுநாள் காலை மனைவி பின்னால் ஏறினாள். எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சின்ன சிமெண்டுச் சரிவு உண்டு. மழை இல்லை, ஈரம் இல்லை, எதிரே லாரி இல்லை. கிளட்சை விட்டேன். சக்கரம் ஒழுங்காக உருண்டு சரிவில் இறங்கியது. பிறகு பின்பக்கம் தானாக வலப்புறம் போயிற்று. வண்டி மிக மெதுவாக, எருமை படுப்பது போல, படுத்தது. மனைவி கால் ஊன்றி அப்படியே நின்றுகொண்டாள். வண்டிதான் அவளுக்கு அடியிலிருந்து விலகிப் போனது. நான் அதனோடு போனேன்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா வாத்யாரே, புது டயரு மெத்தையாட்டம் கீதா, படுத்துக்கினியே!"

மனைவி கைப்பேசியை எடுத்தாள். ஸ்கூட்டர் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. புது டயர் முதலில் கொஞ்சம் வழுவழுப்பாகத்தான் இருக்கும் என்று தரையில் உட்கார்ந்தபடியே வாதாடத் தொடங்கினேன். பேசிக்கொண்டே டயரைத் தொட்டேன். விரல் கறுப்பாயிற்று. முகர்ந்தேன். எங்கள் கேட்டின் வாசனை.

மாமனார் துணியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நைனா, டயருக்கு எண்ண தடவுனியா?" என்றாள் மனைவி.

"உப்புக் காத்துல புச்சு ரப்பரு வெடிச்சிப் பூடும்மா. லேசா ஒரு தொட தொடச்சேன்."

"ரோட்டுல படுற எடத்துலயா தொடப்பாங்க?"

அவர் புண்பட்டுப் போனார். "எனக்குத் தெரியாதா? ரோட்டுல படுற எடத்த நான் தொடவே இல்ல. தரையில கீற பக்கத்த வுட்டுட்டு மேல் பக்கம் மட்டுந்தான் தொடச்சேன்."

டீக்கடைக்காரர் கூட டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். மாமனார் சொன்னது முழு உண்மை. தரையில் பட்டுக்கொண்டிருந்த பாகம் சுத்தமாகவே இருந்தது. சரிவில் இறங்கும்வரை எங்களைச் சுமந்தது அதுதான்.

"நைனா, சக்கரம் சுத்தும்," என்றாள் மனைவி.

அவர் டயரைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். "ஆமா," என்றார். பிறகு தணிந்த குரலில், "படகுல சக்கரம் ஏது?"

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கைப்பேசி பைக்குள் போயிற்று. அன்று அவள் ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போனாள். போகும் முன் தீர்ப்பைத் திருத்திச் சொன்னாள். "இது டயரு மேல கணக்கு இல்ல. ரெண்டு பேரும் சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்த டப்பா கேட்டுக்கு மட்டுந்தான்."

நாங்கள் துணி துவைக்கும் பிரஷால் தெருவிலேயே தேய்த்தோம். மாமனார் ஒருமுறை சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, அது சுற்றுவதைக் கடைசி வரை பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். இடது ஓரத்தில் ரப்பர் முடிகள் வரிசையாகத் தேய்ந்திருந்தன. அந்த வண்டி சாய்ந்தது அது ஒரு முறைதான்.

இப்போதும் காலையில் நான் வண்டியை வெளியே தள்ளும்போது, மாமனார் கேட்டருகே நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறார். மனைவி அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.