ஒரே அண்டாவில் ஊற்றிய குழம்பு

எழுபத்திரண்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். பாகூரை அடுத்த ஒரு சிற்றூரில் எங்கள் கல்லூரி மாணவர்களின் சேவை முகாம் நடந்துகொண்டிருந்தது. சாலை போடுவதற்காகத்தான் போயிருந்தோம். முகாமின் முதல் கூட்டத்தில், கடப்பாரை பிடிப்பவனைப் போற்றிவிட்டுக் கரண்டி பிடிப்பவனை மறப்பது எந்த ஊர் நியாயம் என்று நான் முழங்கினேன். கைதட்டல் ஓய்வதற்குள் எங்கள் பேராசிரியர், "ரொம்ப சரி, இன்னைக்கிலேர்ந்து சமையல்கட்டு உன் பொறுப்பு" என்றார். நான் அசரவில்லை. திருக்கனூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன் நான். எத்தனை தலைக்கு எத்தனை படி பருப்பு என்பது எனக்கு வாய்ப்பாட்டைப் போல வரும்.

இரண்டு நாள் விடாத மழைக்குப் பின், ஊர் ஏரியின் கரை மதகுக்கு அருகில் இளகி உடைப்பெடுக்கத் தொடங்கியது. கரை போனால் கீழே பால் பிடித்து நிற்கும் நெற்பயிர் அத்தனையும் போகும். விடிந்ததும் ஊர் ஆண்கள் எல்லாரும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஊருக்குக் கிழக்கே, எங்கள் பக்கத்தில் 'பேட்' என்று சொல்லப்படும் சேரியிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்தார்கள். மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. வேலையை விட்டுவிட்டு யாரும் சாப்பிட வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதால், அடுப்பைக் கரைமேலேயே கொண்டுவந்து வைத்தேன்.

சாப்பாட்டு ஏற்பாடு காலையிலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஊராருக்கு ஆலமரத்தடியில் பந்தி. பேட்காரர்களுக்கு மதகுப் பக்கம். வம்பு வேண்டாம் என்று பேராசிரியரும் தலையசைத்துவிட்டு, மண் மூட்டைக்குச் சாக்கு வாங்கப் பாகூருக்குப் போய்விட்டார்.

உச்சி வேளை. சோற்றை வடித்துப் பாயில் கொட்டி முடித்திருந்தோம். சாம்பார் கொதித்து இறக்கும் பதத்தில் இருந்தபோது, அடுப்புக் கல் ஒன்று ஈர மண்ணுக்குள் மெல்ல இறங்கியது. அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் என்னோடு சமைத்த நண்பனும் சாக்கை எடுத்துக்கொண்டு பாய்வதற்குள், சாம்பார் முழுவதும் கரைச் சரிவில் ஓடி ஏரியோடு கலந்துவிட்டது. நல்ல வேளை, யார் மீதும் படவில்லை.

"போச்சுடா" என்றான் நண்பன். "எல்லாரும் இப்ப வூட்டுக்குச் சாப்புடப் போவாங்க. வர்றதுக்குள்ள கரை இருக்குமா?"

மறுபடி பருப்பு வேகவைக்க நேரமில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு வழி தோன்றியது. அடுப்பெரிந்த வீடுகளில் குழம்பு இருக்குமே! ஊர்த் தெருவுக்கும் பேட்டுக்கும் ஆள் அனுப்பினேன். சிறிது நேரத்தில் பெண்கள் சட்டியும் சொம்புமாக வந்தார்கள். முதலில் வந்தவர், மதகுக்கு நேர் கீழே நிலம் வைத்திருந்த பெரிய விவசாயியின் மனைவி. கத்திரிக்காய்க் காரக்குழம்பு கொண்டுவந்தார். அடுத்து மொச்சைக் குழம்பு, புளிக்குழம்பு, ரசம்கூட வந்தது. கழுவிவைத்த அண்டாவில் எல்லாவற்றையும் ஊற்றினோம்.

பேட்டிலிருந்து வந்த பெண்கள் மதகின் அருகே தள்ளி நின்றார்கள். அவர்கள் கையில் நான்கைந்து சட்டிகளே இருந்தன. அங்கே பெண்களும் கூடை தூக்க வந்துவிட்டதால் பெரும்பாலான வீடுகளில் அடுப்பே எரியவில்லை. அந்தக் குழம்பு அவர்கள் பந்தியில் பாதிப் பேருக்குக்கூடக் காணாது.

"இதுக்கு இன்னாடா யோசனை? ஊர்க் கொழம்புல கொஞ்சம் அவங்களுக்கு ஊத்திடலாம். அவங்க கொழம்பு அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான் நண்பன்.

சுலபமான வழிதான். ஒருவரும் ஆட்சேபம் சொல்லமாட்டார்கள். அதனாலேயே அது எனக்குப் பிடிக்கவில்லை. மேலிருந்து கீழே போனால் குழம்பு; கீழிருந்து மேலே வந்தால் தீட்டா? அவர்கள் சுமந்து வந்த மண்ணும் இவர்கள் சுமந்து வந்த மண்ணும் ஒரே உடைப்பில்தானே விழுகின்றன? நான் நேராக மதகுப் பக்கம் போய், கருவாட்டுக் குழம்புச் சட்டியோடு முன்னால் நின்ற அக்காவிடம், "அண்டாவுல ஊத்திடலாமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொகாம் முடிஞ்சா பஸ் ஏறிப் போயிடுவ தம்பி. நாங்க இங்கியே கெடக்கணும்."

எத்தனையோ மேடைகளில் மறுப்புரை வழங்கிப் பழகிய நான், அந்தச் சொல்லுக்குத் தலையாட்டினேன். "உண்மைதான்க்கா. நீங்க சொன்னா ஊத்தலாம். வேணாம்னா வேணாம். ஆனா கேட்டவன் நான்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்" என்றேன்.

அவர் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தார். என்ன பேசிக்கொண்டார்களோ, என் காதில் விழவில்லை. பிறகு நான் நீட்டிய கையில் சட்டியைக் கொடுக்காமல், தாமே நடந்து வந்து அண்டாவில் ஊற்றினார். பின்னால் மற்றவர்களும் ஊற்றினார்கள். கருவாட்டு மணம் கரை முழுக்கப் பரவியது.

எதையும் மறைத்துப் பரிமாறுவதில்லை என்பது என் முடிவு. குவித்து வைத்த செங்கல்மேல் ஏறி நின்றேன். "பெரியோர்களே! இந்த அண்டாவில் ஊர்க் குழம்பும் பேட்டுக் குழம்பும் கலந்திருக்கின்றன. கேட்டு வாங்கிக் கலந்தவன் நான். ஏரி உடைந்தால் வெள்ளம் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டா வரும்? அந்த ஏரியைக் காக்க வந்த நாம்…"

"பிரசங்கத்த அப்பறம் வச்சிக்கப்பா, பசிக்குது!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய விவசாயி, சேறு படிந்த கையோடு அண்டா அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, யாரைக் கேட்டு இந்த வேலை பண்ண?"

"குழம்பு கொண்டுவந்தவங்களைக் கேட்டுங்க."

"சாப்புடறவன கேக்கலியே?"

சரியான கேள்விதான். "இப்ப கேக்கறேங்க" என்றேன். அவருக்குப் பின்னால் ஊர் ஆண்கள் எழுந்து நின்றார்கள். அவர் வீட்டை நோக்கி ஓரடி வைத்திருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள், கரையும் போயிருக்கும். மதகுப் பக்கம் அந்த அக்கா வெறும் சட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். பழி யார் தலையில் விடியும் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது.

அந்த நேரத்தில் விவசாயியின் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயோரம் உட்கார்ந்தார். இலையைத் தம் முன் போட்டுக்கொண்டு, "என் கத்திரிக்கா கொழம்பு இதுக்குள்ளதான் கெடக்குது. அத மட்டும் பொறுக்கி எடுத்துக் குடுன்னு யார்கிட்ட போயி கேக்கறது? போடு தம்பி" என்றார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "கருவாடு யாரு வச்சதுடி? உப்பு கம்மி!" என்று மதகைப் பார்த்துக் கூவினார்.

"உங்கூட்டுக் கத்திரிக்கா உறிஞ்சிக்கிச்சிம்மா!" என்று பதில் வந்தது, அந்த அக்காவிடமிருந்தேதான்.

சிரிப்பு வெடித்தது. எழுந்து நின்றவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். பசி மீதிப் பேரையும் உட்காரவைத்தது. பந்தி ஒன்றாகிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆலமரத்தடியில் இருந்தவர்கள் ஆலமரத்தடியிலும், மதகுப் பக்கம் இருந்தவர்கள் மதகுப் பக்கமும்தான் சாப்பிட்டார்கள். ஆனால் இரண்டு பக்கமும் போன வாளியில் இருந்தது ஒரே குழம்பு.

அந்தப் பெரிய விவசாயி மட்டும் குழம்பைத் தொடவில்லை. சோற்றில் உப்பும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, நின்றபடியே குடித்தார். என்னை முறைத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் உடைப்புக்குள் இறங்கினார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் கூடையோடு இறங்கினேன். சாயங்காலம் மழை கொட்டியபோது கரை நின்றது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும், முகாம் கலையும்வரை, அந்த அக்காவைப் பேட்டில் போய்ப் பார்த்து "வம்பு ஏதாச்சும் வந்துதாக்கா?" என்று கேட்டேன். "வந்தா சொல்லி அனுப்பறேன், வந்து ஒரு பிரசங்கம் பண்ணு" என்று சிரித்தார்.

அதன்பிறகு பல பட்டிமன்றங்களில் எதிரணியினர் என் வாதத்துக்கு விடை சொல்ல முடியாமல் அமர்ந்ததுண்டு. ஆனால் என் கருத்தை ஒரு பருக்கைகூட ஏற்காமல், வெறுஞ்சோற்றைக் குடித்துவிட்டு என் தோளோடு தோள் நின்று மண் கொட்டிய அந்த மனிதரைப் போன்ற ஓர் எதிராளியை எந்த மேடையும் எனக்கு இன்னும் தரவில்லை.