பிலோமினா மேடமும் சுவரோரக் கல்லறையும்

போன வாரம் என் அக்கா மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். வந்ததும் வராததுமாகப் போனை நீட்டி, கேக் வெட்டியதுபோல் வண்ண வண்ணமாகப் பிரித்த ஒரு வட்டத்தைக் காட்டினான். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் நம் முன்னோர்கள் எந்தெந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடுகிறார்களாம். "சித்தி, நம்ம வம்சமே இதுல கீது, பாருங்க" என்றான். நானும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிலோமினா மேடம் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உடனே தோன்றியது. "எல்லாம் சரிப்பா, யாரு யார்கூட சண்ட போட்டுகினு பேசாம இருந்தாங்கனு இதுல வருமா?" என்று கட்டாயம் கேட்டிருப்பார்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது அவர் அங்கே லைப்ரரியன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. மூத்த மகனுக்குக் கல்யாணமாகி எஸ்தர் என்று ஒரு பேத்தியும் இருந்தாள். லைப்ரரி என்பது ஒரு நீள அறை. உள்ளே நுழைந்தால் அந்துருண்டை வாசமும் மைதாப் பசை வாசமும் சேர்ந்து வரும். மத்தியானம் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூன்றாவதாகக் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்துகொள்ளும். நல்லவாட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்த கருவாடு என்று பெருமையாகச் சொல்வார். நான் மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் முட்டை உடைத்தாலே அம்மா ஜன்னலைத் திறந்து வைப்பாள். முதல் மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே சாப்பிட்டேன். மூன்றாம் மாதம் அந்தக் குழம்பை என் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

சாப்பாடு முடிந்ததும் மேடம் பீரோவிலிருந்து ஒரு சுருளை எடுப்பார். பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு ஒட்டிய நீளமான காகிதம். படிக்கிற மேஜைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டால்தான் விரிக்க முடியும். அதில் கட்டம் கட்டமாக அவருடைய குடும்பம் இருந்தது. சைகோனுக்குப் போன பெரியப்பா, ரெயூனியன் தீவில் கரும்பு வெட்டப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா, காரைக்காலில் சோடா கம்பெனி வைத்து நொடித்துப்போனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மேடம் ஏதாவதொரு பஸ் ஏறிவிடுவார். பாகூரில் ஒரு கிழவர், கரியமாணிக்கத்தில் ஒரு கிழவி என்று யாரையாவது தேடிப் போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் குடியுரிமைப் பேப்பருக்காகத் தாத்தா பெயரைத் தேடும். இவர் தேடியதில் ஐந்து பைசா வரவில்லை. "எதுக்கு மேடம் இவ்ளோ அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன். "நாவல் படிச்சா பாதியில வுட்டுட முடியுதா உன்னால? அந்த மாதிரிதான்" என்றார்.

அவர் விடமுடியாமல் தவித்தது ஒரே ஒரு இடத்தில்தான். அவருடைய அப்பா வழித் தாத்தாவின் அம்மா யாரென்று யாருக்கும் தெரியவில்லை. தாத்தாவின் அப்பாவுக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு, கல்லறையில் சிலுவைக்கு மேல் கிரீடம்கூட உண்டு. பக்கத்தில் மனைவி இல்லை. சொந்தக்காரர்களைக் கேட்டால், சின்ன வயசிலேயே போய்விட்டாள் என்றார்கள். அவர்களுடைய குடும்பக் கல்லறைகளின் வரிசையில் கடைசியாக, சுவரை ஒட்டி, பெயரில்லாத ஒரு மேடு இருந்தது. அது யாரோ வேலைக்காரக் கிழவியுடையது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

சுவர் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். மேடத்தின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் ஓடும். இந்தப் பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், அந்தப் பக்கம் காலனிக் கிறிஸ்தவர்கள். உயிரோடு இருந்தபோது கோயிலில் தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் செத்த பிறகும் தனித்தனியாகப் படுத்திருந்தார்கள். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கல்லறைத் திருநாள் அன்று குடும்பம் குடும்பமாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளுக்குப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மேடத்தின் குடும்பம் போய்ச் சேரும்போது ஒவ்வொரு வருடமும் அந்த வேலைக்காரக் கிழவியின் மேட்டில் ஏற்கெனவே பூ இருக்குமாம். யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். மேடத்தால் நகர முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், "விடியறதுக்குள்ள போயி யாரு வெக்கிறாங்கனு பாக்கணும். துணைக்கு வரியா?" என்றார். வீட்டில் மாதா கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சுடுகாட்டுப் பக்கம்கூடப் போயிராதவள் நான். முந்தானையை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டேன். பனி என்று மேடத்திடம் சொன்னேன். அவர் நம்பிய மாதிரி நடித்தார்.

வெளுக்க ஆரம்பித்த நேரத்தில் சுவரின் இடிந்த பகுதி வழியாக ஒரு மூதாட்டி குனிந்து வந்தார். எண்பதை நெருங்கும் வயது இருக்கும். மடியிலிருந்து சாமந்தியை எடுத்து அந்த மேட்டின்மேல் பரப்பினார். நிமிர்ந்து எங்களைப் பார்த்ததும் அவர் உடம்பு அப்படியே ஒடுங்கியது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. பூவ வெச்சிட்டேன், தோ போயிடறேன்."

"போவாதீங்க. நீங்க யாரு? ஏன் இங்க வெக்கிறீங்க?"

அவர் மேட்டிலிருந்து நழுவிய பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மேடம் அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்த அம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எம் பேரு ஞானம்மாங்க. இவங்க எங்க ஆயாவுக்குக் கூடப்பொறந்த அக்கா. சூசம்மானு பேரு. உங்க பெரியவரு ஆசப்பட்டு கல்யாணம் கட்டிகினு போனாராம். போனதுக்கப்புறம் எங்க பக்கம் தல காட்டக்கூடாதுனு சொல்ட்டாங்களாம். தங்கச்சிய பாக்கக்கூட வுடல. செத்தப்பதான் சொல்லி அனுப்பனாங்க. எங்க ஆயா இருக்கற வரிக்கும் அது வந்து பூ வெச்சுது. அப்புறம் எங்கம்மா. இப்ப நானு."

மூன்று தலைமுறையாக ஒளிந்து ஒளிந்து வந்து பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல், யாரிடமும் எதுவும் கேட்காமல்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவரோ வலது கை விரல்களை மடக்கி மடக்கி எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் நான், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்குச் சட்டென்று விடை வந்துவிட்டது. பனியில் நனைந்த மண்ணில் முழங்கால் போட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்தார்.

"உங்கம்மா எங்க தாத்தாவுக்குத் தங்கச்சி முற. அப்ப நீங்க எனக்குப் பெரிம்மா."

ஞானம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மேடம் விடவில்லை.

அன்று மத்தியானமே எல்லா டீச்சர்களும் பார்க்க, காலண்டர் தாளின் காலிக் கட்டத்தில் சூசம்மாள் என்று எழுதினார். எழுதியதோடு நின்றிருந்தால் இதை நான் இவ்வளவு வருடம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அப்போது அவருடைய இளைய மகன் ஜெரால்டுக்கு அரியாங்குப்பத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் சாதிப் பெருமை பேசுகிறவர்கள். மேடம் அவர்களிடம் போய்ச் சூசம்மாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றார். வீட்டில் ரகளை. ஜெரால்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். நான் புத்தகம் தேடுகிற பாவனையில் அலமாரிக்குப் பின்னால் நின்றேன்.

"செத்துப்போன கெழவிக்காக எம் பொழப்ப ஏம்மா கெடுக்கற? கல்யாணம் முடியட்டும், அப்புறம் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கோ."

"அப்புறம் சொன்னா ஏமாத்துனதுனு ஆவும்டா. அவங்களுக்கு நம்மள புடிக்கலனா இப்பவே போவட்டும்."

"போயிட்டா?"

"அந்தப் பொம்பளய அவ தங்கச்சிகிட்டருந்து பிரிச்சது நம்ம குடும்பம். நானும் மறைக்கறேன்னு வெச்சுக்கோ, அவங்களுக்கும் எனக்கும் இன்னாடா வித்தியாசம்?"

அந்த ஞாயிறு தனியாகவே அரியாங்குப்பம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். காபி கொடுத்து மரியாதையாக அனுப்பினார்களாம். இரண்டே நாளில் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. ஜெரால்டு வேலையை மாற்றிக்கொண்டு ஓசூர் போனான். அம்மாவோடு பேசுவதை நிறுத்தினான். மேடம் லைப்ரரியில் புத்தகங்களுக்கு அட்டை போட்டபடி, யாரும் இல்லாதபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் செய்தது தப்போ என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை. நானாக இருந்தால் அன்று விடிகாலையே அந்தப் பூவைப் பார்க்காத மாதிரி வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டிருப்பேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஞானம்மாளைத் தானே போய் அழைத்து வந்தார். நானும் இருந்தேன். காலனியிலிருந்து தெரு வழியாகக் கையைப் பிடித்து நடத்தி வந்தார். கதவுகளுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. வாசலிலேயே நின்றுவிட்ட ஞானம்மாளை உள்ளே கூட்டிப்போய் நடுக்கூடத்து நாற்காலியில் உட்காரவைத்தார். பேத்தி எஸ்தர், "இவங்க யாரு ஆயா?" என்றாள்.

"எனக்குப் பெரிம்மா. நம்ம வூட்டுக்கே பெரியவங்க. சிலுவ போடச் சொல்லு."

குழந்தை நெற்றியை நீட்டியது. ஞானம்மாளின் கட்டைவிரல் நெற்றிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொடலாமா என்று கேட்பதுபோல் மேடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிலுவை வரைந்தார். எஸ்தருக்கு அடுத்து மேடம் போய்த் தன் நரைத்த தலையைக் குனிந்து நின்றார். என்ன தோன்றியதோ, மூன்றாவதாக நானும் போய் நின்றேன். அந்த விரலின் சொரசொரப்பு எனக்கு இப்போதும் தெரிகிறது.

ஜெரால்டு இரண்டு வருடம் கழித்துத் தானே ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டான். பெண் கேட்கப் போனபோது குடும்பத்தைப் பற்றி எல்லாவற்றையும் அவனே முதலில் சொல்லிவிட்டானாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞானம்மாள் வீட்டு வாசலில் அவன் பைக் நின்றது. உள்ளே என்ன பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கோயிலில் முதல் பெஞ்சில் ஞானம்மாள் உட்கார்ந்திருந்தார். அடுத்த பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை.

இப்போது ஞானம்மாளும் இல்லை, மேடமும் இல்லை. லைப்ரரி அறையில் கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிறார்கள். மேஜைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது.

அக்கா மகன் தூங்கப் போன பிறகு நான் அம்மாவின் கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எண்பத்து நாலு ஆகிறது. "உங்க ஆயா பேரு இன்னாம்மா?" என்றேன். அம்மா விசிறியை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"ஆயானுதான் கூப்புடுவோம். தாத்தா 'இந்தா'ம்பாரு. கடைக்கு வர்றவங்க செட்டியாரம்மாம்பாங்க. பேரு… யாரும் பேரு சொல்லிக் கூப்ட்டு நான் கேட்டதே இல்லியே."

பெரியம்மாவைக் கேட்கலாம், மாமாவைக் கேட்கலாம், பாகூர்ச் சித்தியைக் கேட்கலாம் என்று மனம் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு போயிற்று. ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.