விளக்கிக் கொடுத்த பல்தட்டு

ஞானஜோதிக்கு ஐம்பத்து நான்கு வயது. ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தொன்பது வருஷம் கொழுந்தெடுத்ததில் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. 2024 நவம்பரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி தொழிலாளர் லயங்களில் ஆய்வு செய்ய வந்தபோது, கொழுந்து வேலைக்குப் பதிலாக வீடு வீடாகப் போய்ப் பேச அவளைத் தோட்டத்தில் அனுப்பினார்கள். முதல் சுற்றில் பன்னிரண்டு பேரின் மாதிரியும் தேறினால் ஆய்வு ஒரு வருஷம் இங்கேயே நடக்கும்; தேறாவிட்டால் வேறு ஊர். வேறு ஊர் என்றால் அவள் மறுபடி சரிவில் ஏறிக் கொழுந்து நறுக்கும் கத்தரியைப் பிடிக்க வேண்டும். ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருந்தது.

கிருமிகள் பல்மேல் பசைப் படலமாக ஒட்டிக்கொண்டு, சர்க்கரையைப் புளிப்பாக மாற்றிப் பல்லை அரிக்கின்றன. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால் அவற்றில் சில அதைத் தின்று, புளிப்பை முறிக்கும் பொருளை வெளியே விடும், படலமும் மெலியும். இதைப் பார்க்கத்தான் ஆய்வு. படலம் படிவதற்காகக் கண்ணாடித் துண்டுகள் பதித்த, வாய்க்குள் மாட்டும் பல்தட்டு ஆளுக்கு ஒன்று. நாலு நாள் வாயில் போட்டிருந்து, தினம் மூன்று முறை கழற்றி, முதலில் சர்க்கரைத் தண்ணீரிலும் பிறகு கொடுத்த குப்பித் தண்ணீரிலும் ஊறவைக்க வேண்டும். ஆறு குப்பியில் அர்ஜினின், ஆறில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று ஆய்வை நடத்த வந்த டாக்டர் ஷீனாவுக்கே தெரியாது.

நவம்பர் 24, ஞாயிறு. காலை ஒன்பதே காலுக்குள் பதினொரு தட்டு சேர்ந்துவிட்டது. மீதி மேல் லயத்துப் பெரியம்மாளுடையது. நூற்றுப் பன்னிரண்டு படி. அறுபதாவது படியில் ஒருமுறையும் எண்பத்தெட்டில் ஒருமுறையும் ஞானஜோதி உட்கார்ந்தாள்.

பெரியம்மாள் நீட்டிய டப்பாவுக்குள் தட்டு பளபளத்தது.

"என்ன மதினி, இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?"

"உப்பும் சாம்பலும் வச்சு வெளக்கிட்டேன்ட்டி."

"நாலு நாளும் வெளக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"நாலு நாளும் தொடலையே. இன்னைக்கு அஞ்சாம் நாளு. திருப்பிக் குடுக்கற பண்டத்த எச்சியோடவா குடுப்பாக? அந்த டாக்டர் புள்ள நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

பக்கத்து வாசலிலிருந்து இன்பமேரி எட்டிப் பார்த்தாள். "நானும் பேஸ்ட்டு போட்டுத் தேச்சுத்தான் குடுத்தேன். இவுக மட்டுந்தான் சுத்தக்காரின்னு நெனப்பு."

ஞானஜோதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்பமேரி காலையிலேயே இறங்கி வந்து கொடுத்த தட்டு கீழே பெட்டிக்குள் இருந்தது. அதன் படிவத்தில் 'முறை தவறவில்லை' என்று அவளேதான் குறித்திருந்தாள். பதினொன்றிலும் அப்படித்தான், யாரையும் கேட்கவில்லை. பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கணும் என்று சொல்லி வைத்ததும் அவள்தான். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. படலம் மெலிந்தது மருந்தால்தான் என்று எழுதிக்கொள்வார்கள்.

பெட்டியைத் தொடாமல் மீதிப் பத்து வீட்டுக்கும் நடந்தாள். ஐந்து வீட்டில் விளக்கியிருந்தார்கள்.

"நான் எங்க தட்ட வெளக்க? பல்லையே வெளக்கல" என்றார் ஃபாக்டரி மிக்கேல்.

பதினொன்றரை மணிக்கு, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக் கொட்டகையில் இருந்த டாக்டர் ஷீனாவின் முன் ஆறு படிவத்தில் அடித்துத் திருத்தி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள். பெரியம்மாளுடையதைப் புதிதாக எழுதினாள். ஆக ஏழு.

ஷீனா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சேச்சி, அஞ்சு சாம்பிளை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் டாக்டர்."

"காலேஜ்ல இன்னொரு வாய்ப்பு கேட்டுப் பாக்கறேன். தருவாங்கன்னு தோணலை. கழுவாமக் கொண்டு வாங்கன்னு நானாவது சொல்லியிருக்கணும்."

"நீங்க சொல்லியிருந்தாலும் கழுவியிருப்பாக. நம்மாளுக பாத்திரத்தச் சும்மா திருப்பிக் குடுக்க மாட்டாக. பெரியம்மா மதினி டப்பாவோட அவரைக்காயும் குடுத்து விட்டுருக்கு. அது உங்களுக்கு."

ஷீனா அவரைக்காயை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை போன் வந்தது. ஆய்வு வேறு ஊருக்குப் போகிறது.

டிசம்பர் 2, திங்கள் காலை ஏழரைக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் மஸ்டரில் ஞானஜோதியின் நம்பரைக் கூப்பிட்டார்கள். பதினான்காம் நம்பர் தேயிலைக் காடு, தோட்டத்திலேயே செங்குத்தானது. சூப்பர்வைசர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "மேல் நிரை வேண்டாம், கீழ போங்க" என்றார். கீழ் நிரைக்குப் போகவும் பாதிச் சரிவு ஏறித்தான் ஆக வேண்டும். அவள் கத்தரியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள்.