இருபத்தோராவது சீட்

ஊர் உலகத்தையெல்லாம் விமானம் ஏற்றிவிட்டு, சாயங்காலம் கொமியூட்டர் ரயிலில் நின்றுகொண்டே ரவாங்குக்கு வீடு திரும்புகிற பிறவிக்குப் பெயர்தான் டிராவல் ஏஜென்ட். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்த சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பதினாறு வருடமாக அங்கே இருக்கிறேன். துருக்கியில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கும் அந்தாலியா என்ற ஊர் என் பொறுப்பு. எட்டு நாள் பேக்கேஜ். பழைய துறைமுகம், படகுச் சவாரி, நேராகக் கடலில் போய் விழும் அருவி, மலை உச்சிக்குக் கேபிள் கார், வெந்நீர்க் குளியல் எல்லாம் உண்டு. 'அந்தாலியாவில் தவறவிடக்கூடாத பத்து' என்று ஒரு நோட்டீஸ் கொடுப்போம். அதை எழுதியது நான். அந்தப் பத்தையும் தவறவிட்டதும் நான்தான்.

தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இருபது பேர் சேர்ந்தால் இருபத்தோராவது சீட் இலவசம். குரூப்பைச் சேர்த்தவர் டூர் லீடராக அதில் போவார். எங்கள் ஆபீஸில் மட்டும் அந்த சீட் பாஸின் சொந்தக்காரர்களுக்கு. மனைவி, கொழுந்தியாள், மச்சான் என்று முறை வைத்துப் போவார்கள். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தக் கடலில் ஒரு தடவை கால் நனைக்க வேண்டும். இதற்காகவே எடுத்து வைத்து மூன்று பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது. மூன்றிலும் சேர்த்து இருக்கிற முத்திரை, எல்லை தாண்டித் தாய்லாந்து ஹாட்யாய் போய் வந்தது மட்டும்.

கடற்கரையில் ஓய்வு

கிள்ளானிலிருந்து ஓர் அங்கிள். ரிட்டயர்ட் தலைமையாசிரியர். போய் வந்த மறுநாளே மாடிப்படி ஏறி வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி என் மேசைமேல் கொட்டினார். அத்தனையும் கூழாங்கல். "இதுதான்மா நீ எழுதுன தங்க மணல். ஆன்டிக்குப் பாதம் கிழிஞ்சி போச்சி" என்றார்.

தப்பு என்னுடையதுதான். அந்த ஊருக்கு இரண்டு கடற்கரை. ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் முழுக்கக் கல். நான் மணல் படத்தைப் போட்டுவிட்டு, கல் பக்கம் இருக்கிற ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறேன். கேட்லாக்கைப் பார்த்து ஊரைப் படித்தவளுக்கு வலது இடது எப்படித் தெரியும்? மன்னிப்புக் கேட்டேன். நோட்டீஸில் 'தண்ணீரில் போடும் சிலிப்பர் அவசியம்' என்று சேர்ப்பதாகச் சொன்னேன். அவர் போன பிறகு எல்லாக் கல்லையும் கூட்டி எடுத்து, ஒன்றை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டேன். யாரும் இல்லாத நேரம் நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன். உப்பு இல்லை. அங்கிள் படியிறங்கும்போது திரும்பிச் சொன்னதுதான் இன்னும் கரிக்கிறது. "நேர்ல ஒரு தடவ பாத்துட்டு எழுதியிருக்கலாம்லமா?"

படகில் மதிய உணவு

புரட்டாசி மாதம் ஒரு குரூப் போனது. செராஸிலிருந்து ஒரு ஆன்டி, மாதம் முழுக்கச் சைவம். படகுச் சவாரியில் மதியச் சாப்பாடு உண்டு. மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பி 'சைவம், சைவம்' என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணி, அங்கே நண்பகல், வீடியோ கால் வந்தது. திரை முழுக்க ஒரு மீன். தலை, வால், எலுமிச்சம்பழத்தோடு என்னையே பார்த்தது. அந்தச் சமையல்காரருக்கு மீன் அசைவக் கணக்கில் வராது போலிருக்கிறது.

ஆன்டி அழுகிற நிலையில் இருந்தார். போனைச் சமையல்காரரிடம் கொடுக்கச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமுமாக அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அவருக்குப் பின்னால் கடல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் சில நொடி மீனை மறந்தே போனேன். கடைசியில் ரொட்டியும் தக்காளியும் சுட்ட கத்தரிக்காயும் வந்தன. திரும்பி வந்ததும் ஆன்டி போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன். "கத்திரிக்கா நல்லாதான் இருந்துச்சி கலா. ஆனா செராஸ் பாசார்ல கிடைக்கிறத திங்க நான் எதுக்கு அவ்ளோ தூரம் போனேன்?"

பழைய நகரில் நடை

யோகேஸ்வரி, மகேஸ்வரி என்று இரண்டு அக்கா தங்கை. பழைய நகரத்துச் சந்துகளில் குரூப்பை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். டூர் லீடராகப் போயிருந்த பாஸின் மச்சான் போனை எடுக்கவில்லை. எனக்கு அடித்தார்கள். "மணிக்கூண்டு தெரியுதா? அத முதுகுக்குப் பின்னால வச்சிக்கோங்க. விளக்குக் கடை வரும். அதத் தாண்டி எறங்குற படி. எண்ணாம எறங்குங்க, நேரா துறைமுகம்" என்றேன். வரைபடம் பார்க்கவில்லை. பதினாறு வருடம் உற்றுப் பார்த்த ஊர், கண்ணை மூடினால் சந்து சந்தாக வரும்.

படி இறங்கும் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் கடல்பறவைகளின் கத்தல். பிறகு தண்ணீர் கல்லில் மோதும் ஓசை. போனை வைக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். "வந்துட்டோம்கா! நீங்க எத்தன தடவ இங்க வந்திருக்கீங்க?" என்றாள் யோகேஸ்வரி. "நெறைய தடவ" என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்ததும் பக்கத்து மேசை சுபா, டைப் அடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "அக்கா, நீங்க கடசியா பிளேன் ஏறினது எப்பக்கா? ஹாட்யாய்க்குக்கூட பஸ்லதானே போனீங்க?"

கேபிள் கார்

இது சின்னது. பாஸின் கொழுந்தியாள் ஒரு வருடம் டூர் லீடராகப் போனார். குரூப் கேபிள் காரில் மலை ஏறியபோது அவர் கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அருவிக்குப் போன நாள் ஹோட்டலில் தூங்கினார். வந்ததும் ஒரு டப்பா மிட்டாயை என் மேசையில் வைத்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "கடல்தானே கலா, எல்லாம் நம்ம போர்ட்டிக்சன் மாதிரிதான்லா."

குரூப் பிரீஃபிங்

போன ஆயுத பூஜையில், பிரிண்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே பாஸ் எல்லார் முன்னாலும் சொன்னார். "அடுத்த ஜூன் குரூப்ல கலாதான் போறா." எனக்குச் சுண்டல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அன்று முதல் பேய் மாதிரி ஆள் சேர்த்தேன். கோயிலில் பார்த்தவர், ரயிலில் பக்கத்தில் நின்றவர், என் பல் டாக்டர், ஒருவரையும் விடவில்லை. யோகேஸ்வரி தன் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு இரண்டாவது தடவை வருவதாகச் சொன்னதும் இருபது நிறைந்தது. ரவாங் பாசாரில் ரப்பர் சிலிப்பர் ஒன்று வாங்கினேன், கூழாங்கல்லில் நடக்கிற மாதிரி, நீல நிறத்தில். வீட்டில் போட்டு நடந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு பிரீஃபிங். இருபது பேரும் ஆபீஸில் கூடினார்கள். பாஸ் என்னை டூர் லீடர் என்று அறிமுகப்படுத்தினார். கைதட்டினார்கள். யோகேஸ்வரி தன் அம்மாவிடம் பெருமையாக, "கலாக்காவுக்கு அந்த ஊரு அத்துப்படிம்மா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கடசியா எப்பக்கா போனீங்க?" என்று கேட்டாள்.

பாஸ் நிற்கிறார், சுபா நிற்கிறாள். அதோடு, அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் பொய் சொல்லவும் தோன்றவில்லை. "இதுதான் மொத தடவ" என்றேன், சிரித்துக்கொண்டே. யாரும் திரும்பச் சிரிக்கவில்லை. வயசான அம்மாக்களை வைத்துக்கொண்டு மொழி தெரியாத ஊரில், மொத தடவை வருகிறவளை நம்பி எப்படிப் போவது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் தலையாட்டினார். என் பல் டாக்டரும் ஆட்டினார். பாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மச்சான் நான்கு தடவை போனவர், வேண்டுமானால் அவரையே அனுப்பலாம் என்றார். எல்லார் முகத்திலும் நிம்மதி. என் சீட்டில் என்னை உட்காரவிடாமல் நான்கு தடவை போனதுதான் அந்த ஆளின் அனுபவம். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் யோகேஸ்வரி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் கள்ளம் இல்லை, அதுதான் கொடுமை. "கோவிச்சிக்காதீங்கக்கா. நீங்க இங்கயே இருங்க. நாங்க தொலைஞ்சா போன எடுக்க நீங்க இருக்கீங்கன்னாதான் எங்களுக்குத் தைரியம்."

அவர்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, எதிர்பார்த்தபடியே யோகேஸ்வரியின் போன் வந்தது, பாஸின் மச்சானைக் காணோமென்று. நீல சிலிப்பரைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே ஈரத்தரையில் நின்று, மணிக்கூண்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லி, இருபது பேரையும் பத்திரமாகக் கடலில் கொண்டுபோய் விட்டேன்.