சித்தப்பா வண்டியின் மணி

யுத்தம் முடிந்த வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள். இரண்டு பேரும் அம்மாவுடன் பிறந்தவர்கள். பர்மா சண்டையிலிருந்து திரும்பிய மாமாவுக்கு வலது கால் இருந்தும் நடக்க வரவில்லை. திருமானூரில் வாழ்க்கைப்பட்ட சித்திக்கு அடிக்கடி கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

மாமாவுக்கு நாட்டுக்கோழி முட்டையும் எண்ணெய் உருவலும். சித்திக்கு வேப்பங்கொத்தால் அடி. ஆம்பளைக்கு வந்தால் நோய், பொம்பளைக்கு வந்தால் பேய். எங்கள் வீட்டு வைத்தியம் அவ்வளவுதான்.

மாமாவைப் பார்க்க அரியலூரிலிருந்து ஜட்காவில் ஒரு டாக்டர் வந்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். வராத கால் துள்ளியது. அந்த நேரம் பார்த்துச் சித்திக்கும் வந்தது. டாக்டர் இமையைப் பிரிக்கப் பார்த்தார், சித்தி இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நோவுதாங்க. நரம்புல பழுது இல்ல, நடிப்பும் இல்ல. பயம் இவருக்குக் கால்ல எறங்கியிருக்கு, அந்தம்மாவுக்கு ஒடம்பு பூரா. என்ன பயம்னு கேட்டுப் பாருங்க."

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சண்டைக்குப் போனவனும் பேய் பிடித்தவளும் ஒன்றா என்று, டாக்டரை அன்றோடு அனுப்பிவிட்டார். சித்தியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. திருமானூரிலிருந்து வரும்போதே அவள் முதுகில் இருந்த சூட்டுத் தழும்பை, அவளோடு குளிக்கும் நான் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

பிறகு உடுக்கையோடு பூசாரி வந்தார். பேய் எப்போது வருகிறது என்று கேட்டார். பெரியவர்கள் முழித்தார்கள். எனக்கு ஏழு வயது, வாய் சும்மா இருக்குமா? சித்தியைப் பார்க்க வரும் சித்தப்பா வண்டியின் மணிச் சத்தம் கேட்டால் வரும் என்றேன். பூசாரி என்னைத் தட்டிக்கொடுத்து வாழைப்பழம் தந்தார். புருஷனைக் கண்டு பேய் மிரள்கிறது, அவன் பக்கத்திலேயே இருக்க வைத்தால் ஓடிவிடும் என்று தீர்ப்பும் சொன்னார்.

மறுவாரமே சித்தியைச் சித்தப்பா வண்டியில் ஏற்றினார்கள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏண்டி சொன்னே?" என்றாள். அதட்டலாகக்கூட இல்லை.

கதிர் அறுக்கிற சமயம் அந்த வண்டி திரும்ப வந்தது. சித்தப்பா வீட்டு ஆள் ஒருவன் மட்டும் இறங்கி, அப்பாவிடம் தணிந்த குரலில் கிணறு என்று ஏதோ சொன்னான். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் மாடுகளைத்தான் பார்த்தேன். கழுத்தில் மணி இல்லை. துக்கம் சொல்ல வரும் வண்டிக்கு மணி கட்டுவதில்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மாமாவிடம் ஓடினேன். "மாமா, மணியக் கழட்டிட்டாங்க. இனிமே சித்திக்கு வராது" என்றேன்.